தலை தட்டையான மூன்று

புத்தகத்தில் பத்து மாணவர்களின் எடை இருக்கிறது.
எல்லோரும் முழு எண் கிலோவில் நிற்கிறார்கள்.
ஒருவனுக்கும் பெயரில்லை, பசியில்லை,
கூட்டினால் மீதமில்லாமல் வகுபடுகிறார்கள்.
ஒன்பது பி அவர்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

சரி, கொட்டாவியிலிருந்தே தொடங்குவோம் என்று
பழைய விடைத்தாளின் வெற்றுப் பக்கத்தைக் கிழித்து
ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன்.
நேற்று இரவு எத்தனை மணி நேரம் தூங்கினாய்?
பெயர் வேண்டாம். ஒரு எண் போதும்.

சாக்பீஸ் டப்பாவில் முப்பத்தெட்டுச் சீட்டுகள்.
சஜின் வாசிக்க, ஷைஜு பலகையில் கோடு போட்டான்.
நின்ற கோடு நான்கு, ஐந்தாவது குறுக்கே,
சின்னச் சின்ன விறகுக் கட்டுகள்.
ஒரு சீட்டில் இருபத்து நான்கு.
சிரிப்பு அடங்க இரண்டு நிமிடம் ஆனது.
நடக்க முடியாதது, வெட்டலாம் என்றேன்.
வெட்டினோம்.

அடுத்தது மூன்று.

"இதையும் வெட்டுங்க சார், எவனோ களிக்கான்."
"ராத்திரி பூரா செல்போன் பாத்திருப்பான்."
"ஆளே இல்ல சார், அது ஆந்தை."
சீட்டை வாங்கிப் பார்த்தேன்.
தலை தட்டையாக, வயிறு தள்ளிய மூன்று.
ஜூன் மாதத்திலிருந்து இந்த மூன்றைத் திருத்துகிறேன்.
சுவரோரப் பெஞ்சிலிருந்து வருவது.
பெயர் வேண்டாம் என்று சொன்னவனுக்குக்
கையெழுத்தும் ஒரு பெயர்தான் என்பது
அப்போதுதான் உறைத்தது.
மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அரிது வேறு, நடக்காதது வேறு.
இரண்டு வழியிலும் போடுங்கள் என்றேன்.
மூன்றைச் சேர்த்தால் மொத்தம் இருநூற்று ஐம்பத்தொன்பது,
முப்பத்தேழால் வகுத்தால் அச்சாக ஏழு.
மூன்றை எடுத்தால் ஏழு புள்ளி ஒன்று ஒன்று.
"ஒரு ஆளை வெளிய விட்டா
கிளாசே கூடுதல் உறங்குது சார்" என்றான் அபிஷ்.
விளையாட்டாகத்தான் சொன்னான்.
பதினோரு வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன்,
எனக்கு அப்படி ஒரு வரி வாய்த்ததில்லை.

சுவரோரத்தில் அஜிஷா எழுந்தாள்.
"ரெண்டு தவணையா உறங்குனா கூட்டணுமா சார்?
நீங்க ஒரு எண்ணு தான் கேட்டிய.
வெட்டுக்குப் போறதுக்கு முன்ன மூணு.
பாலெடுத்து ஒறைய ஊத்திட்டு வந்து ஒண்ணர."
ஆந்தை என்று யாரும் சொல்லவில்லை.
நின்றபடியே நோட்டைத் திருப்பிக் காட்டினாள்,
விடையை ஏற்கெனவே போட்டிருந்தாள்:
ஏழு புள்ளி பூஜ்யம் நான்கு.

அதன் பிறகு யார் கையும் கீழே இறங்கவில்லை.
களியல் பஸ்ஸில் இருபது நிமிடம் கண்ணயர்வது
கணக்கில் வருமா வராதா?
தம்பி அழுத ஒரு மணி நேரத்தை
ஜெபின் தன் எட்டிலிருந்து கழித்தான்.
கட்டிய விறகெல்லாம் அவிழ்ந்துகொண்டிருந்தது.
தூக்கம் என்றால் எது என்று
நான் சொல்லாமலே கேட்டிருக்கிறேன்.
பெல் அடித்துவிட்டது. முகடு நடத்தவில்லை,
இடைநிலை அளவு நடத்தவில்லை.
பாடக்குறிப்பேட்டில் 'முடிந்தது' என்று எழுதினேன், பொய்.

வியாழன் இரவு குலசேகரத்தில் விடிய விடிய மழை.
வெள்ளிக்கிழமை புதுச் சீட்டு, இரண்டு கட்டம்,
கேள்வியின் சொற்கள் அவர்களுடையவை.
சராசரி எட்டைத் தாண்டியது.
பார்த்தீர்களா, நன்றாகத் தூங்கியிருக்கிறீர்கள்
என்று நான் மகிழ்ந்து முடிப்பதற்குள்
பின்னாலிருந்து ஒரு குரல்:
"மழைன்னா பட்டை நனையும் சார், வெட்டு இல்ல.
வெட்டு இல்லன்னா கூலி இல்ல."

மழைக்கு ஒரு பத்தி வேண்டும் என்றான் ஷைஜு.
போட்டேன்.
பக்கத்தில் இன்னொரு கோடும் இழுத்து
அஜிஷாவிடம் சாக்பீஸை நீட்டினேன், தலைப்பு எழுத.
கூலி என்று எழுதினாள்.
எழுதிவிட்டுத் திரும்பினாள்.
"ரூபாக் கணக்கா சார், மரக் கணக்கா?"